மலைமேல் ஒரு களஞ்சியம்

தாராவியில் ‘காலா கில்லா’ என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே பஸ் நிற்கும். பஸ் டெப்போவுக்கும் அதே பெயர்தான். தினமும் எத்தனையோ பேர் அந்தப் பெயரைச் சொல்லி டிக்கெட் எடுக்கிறார்கள். அந்தப் பெயருக்கு என்ன பொருள்?

‘காலா’ என்றால் கறுப்பு. ‘கில்லா’ என்றால் கோட்டை. கறுப்புக் கோட்டை என்று பொருள்.

உண்மையிலேயே அங்கே ஒரு கோட்டை இருக்கிறது. சிறிய கோட்டைதான். மித்தி ஆற்றின் ஓரத்தில் கறுப்புக் கல்லால் கட்டியது. ‘ரீவா கோட்டை’ என்றும் அதற்குப் பெயர் உண்டு. அந்தக் காலத்தில் மித்தி ஆறுதான் ஆங்கிலேயர் ஆண்ட பம்பாய்க்கு எல்லை. அக்கரையில் வேறு ஆட்சி. ஆற்றைக் காவல் காக்க இந்தக் கோட்டையைக் கட்டினார்கள். சுவரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கவர்னர் ஜான் ஹார்ன் உத்தரவுப்படி 1737இல் கட்டியது என்று அதில் ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.

கோட்டை ஏன் கறுப்பு? யாரும் மை பூசவில்லை. கல்லே கறுப்பு. அந்தக் கல் எப்படி வந்தது?

நெருப்பில் பிறந்த கல்

சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னால், இந்தப் பகுதியில் பூமி பிளந்தது. உள்ளேயிருந்து நெருப்புக் குழம்பு பொங்கி வந்தது. ஒரு முறை அல்ல, பல முறை. ஒன்றின் மேல் ஒன்றாகப் படிந்தது. ஆறியபின் கறுப்புக் கல்லாக இறுகியது. தோசைக்கல்லில் தோசை மேல் தோசை அடுக்கினால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இந்த மலைகளும் அடுக்கடுக்காக இருக்கின்றன.

இந்த மலைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தாராவி, மாட்டுங்கா, செம்பூர் மக்கள் ஊருக்குப் போகும்போது புனே வழியாகப் போகும் ரயிலில் ஏறுவார்கள். ரயில் கர்ஜத்தில் நிற்கும். வடை விற்பவர்கள் ஜன்னல் பக்கம் வருவார்கள். ரயிலின் பின்னால் கூடுதல் எஞ்சின் மாட்டுவார்கள். முன்னால் இருக்கும் எஞ்சினால் மட்டும் மலை ஏற முடியாது. பின்னால் ஒன்று தள்ள வேண்டும். பிறகு ரயில் மெதுவாக ஏறும். சுரங்கப் பாதை வரும். இருட்டு. வெளிச்சம். மறுபடி இருட்டு. பிள்ளைகள் கூச்சல் போடுவார்கள்.

அந்த மலைதான் சகியாத்ரி. நாம் அதை மேற்குத் தொடர்ச்சி மலை என்கிறோம். சுமார் 1,600 கிலோமீட்டர் நீளம். குற்றாலத்தில் அருவி கொட்டுகிறதே, அதுவும் இதே மலைத் தொடர்தான். திருநெல்வேலிப் பக்கத்து மக்கள் ஊரில் பார்த்த மலை இங்கேயும் வந்து நிற்கிறது. கல்லின் வகை மட்டும் வேறு.

கால் நடையாக ஏறினால்

சகியாத்ரி மலை உச்சிகளில் நிறையக் கோட்டைகள் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் மும்பை, புனே இளைஞர்கள் தோளில் பை மாட்டிக்கொண்டு ஏறப் போவார்கள். அதை ‘ட்ரெக்கிங்’ என்கிறார்கள். மலையேறி நடப்பது என்று அதற்குப் பொருள்.

லோகட் என்ற கோட்டை அப்படி ஒன்று. லோனாவாலா தாண்டி மலவலி என்று ஒரு சிறிய ஸ்டேஷன் இருக்கிறது. அங்கே இறங்கி நடக்க வேண்டும். வழியில் பாஜே என்ற ஊர். அங்கே மலையைக் குடைந்த பௌத்தக் குகைகள் இருக்கின்றன. 2,000 ஆண்டுகளுக்கு மேல் பழையவை. அதைத் தாண்டி மேலே ஏறினால் கோட்டை வரும். கல் படிகள் வளைந்து வளைந்து போகும். ஒன்றன்பின் ஒன்றாக 4 வாசல்கள். கோட்டை கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,400 அடி உயரத்தில் இருக்கிறது.

ஏறுகிறவர்கள் வழியெல்லாம் மலை மக்களின் வாழ்க்கையைப் பார்க்கலாம். சரிவில் படிப்படியாக வயல் இருக்கும். மழைக்காலத்தில் நெல் நடுவார்கள். கல் நிறைந்த சரிவில் கேழ்வரகு விதைப்பார்கள். இங்கே அதற்கு ‘நாச்னி’ என்று பெயர். நம் ஊரில் கேப்பைக் களி. அவர்கள் வீட்டில் நாச்னி பாக்ரி. தானியம் ஒன்றுதான். தட்டில் வரும் வடிவம்தான் வேறு.

மலையில் ஒரு பெரிய கஷ்டம் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை 4 மாதம் மழை கொட்டும். மற்ற மாதங்களில் மழை மிகக் குறைவு. தண்ணீர் சரிவில் ஓடிப் போய்விடும். கோடையில் குடம் தூக்கிக்கொண்டு பெண்கள் வெகுதூரம் நடப்பார்கள். விளைச்சலும் அப்படித்தான். மழையில் விளைந்ததை வைத்துத்தான் வருஷம் முழுவதும் சாப்பிட வேண்டும்.

ஆகவே மலையில் வாழ 2 காரியம் தெரிய வேண்டும். ஒன்று, தண்ணீரைச் சேர்த்து வைப்பது. கோட்டைகளில் இதற்காகப் பாறையை வெட்டித் தொட்டி செய்திருக்கிறார்கள். இரண்டாவது, தானியத்தைச் சேர்த்து வைப்பது. லோகட் கோட்டையில் நாராயண வாசல் பக்கத்தில் நிலவறைகள் இருக்கின்றன. அங்கே நெல்லும் நாச்னியும் சேர்த்து வைத்தார்கள்.

நான்கு மாதம் விடாமல் மழை கொட்டும் மலையில், தானியம் நனையாமல் வைப்பது எப்படி? ஈரம் பட்டால் பூசணம் பிடிக்கும். முளைத்துவிடும். எலியும் வண்டும் வரும். இதற்குத்தான் கல்லால் களஞ்சியம் கட்டினார்கள்.

மேலே கொட்டு, கீழே எடு

கல் களஞ்சியம் எப்படி இருக்கும் என்று பார்க்க வேண்டுமானால் பன்ஹாளா கோட்டைக்குப் போக வேண்டும். அது கோலாப்பூர் பக்கத்தில் இருக்கிறது. அங்கே 3 பெரிய களஞ்சியங்கள் உண்டு. மராத்தியில் அதை ‘அம்பர்கானா’ என்பார்கள். மூன்றுக்கும் ஆற்றின் பெயர் வைத்திருக்கிறார்கள். கங்கை, யமுனை, சரஸ்வதி. கங்கைதான் பெரியது. அதன் உயரம் சுமார் 35 அடி. 25,000 கண்டி தானியம் பிடிக்கும் என்று சொல்கிறார்கள்.

களஞ்சியத்தின் சுவர் மிகவும் கனமானது. வெளி வெயிலும் குளிரும் சட்டென்று உள்ளே போகாது. மேற்கூரை மரம் அல்ல. கல்லால் வளைத்துக் கட்டியது. மரம் என்றால் கரையான் அரிக்கும், தீப்பிடிக்கும். கூரையில் அங்கங்கே துளை விட்டிருக்கிறார்கள். வெளிப்பக்கம் படி இருக்கிறது. ஆட்கள் மூட்டையைச் சுமந்து படியேறி, துளை வழியாகத் தானியத்தைக் கொட்டுவார்கள். வேண்டும்போது கீழே எடுத்துக்கொள்வார்கள்.

நம் கிராமத்துக் குதிரை நினைத்துப் பாருங்கள். மண்ணால் செய்த குதிர். மேலே வாய். கீழே சிறிய துளை. மேலே கொட்டி, கீழே எடுப்போம். யோசனை அதேதான். அளவுதான் பெரியது.

இந்தக் களஞ்சியம் எத்தனை முக்கியம் என்பது சண்டை வந்தால் தெரியும். 1660இல் சிவாஜி பன்ஹாளா கோட்டையில் இருந்தார். பிஜாப்பூர் படை வந்து கோட்டையைச் சூழ்ந்துகொண்டது. இதற்கு முற்றுகை என்று பெயர். உள்ளே யாரும் போக முடியாது. வெளியே யாரும் வர முடியாது. மாதக்கணக்கில் முற்றுகை நீடித்தது. உள்ளே இருந்த உணவு குறைந்துகொண்டே வந்தது. ஜூலை 13 இரவு, கொட்டும் மழையில், சிவாஜி கோட்டையை விட்டுத் தப்பிப் போனார். கத்தி, பீரங்கி எல்லாம் பிறகுதான். முதலில் சோறு.

தமிழ் மண்ணில் ஒரு மராட்டிய அரசர்

தமிழ்நாட்டிலும் இப்படி ஒரு மலைக்கோட்டை இருக்கிறது. அதுதான் செஞ்சிக் கோட்டை. விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. தேசிங்கு ராஜன் கதையைக் கேட்டவர்களுக்கு செஞ்சியைத் தெரியும்.

செஞ்சியில் 3 மலைகள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூன்றையும் இணைத்துச் சுவர் கட்டியிருக்கிறார்கள். சுவரின் நீளம் சுமார் 13 கிலோமீட்டர். ராஜகிரி சுமார் 800 அடி உயரம். அடிவாரத்தில் பெரிய களஞ்சியம் இருக்கிறது. கிருஷ்ணகிரி மலைமேலும் கல்லால் கட்டிய களஞ்சியங்கள் இருக்கின்றன. எண்ணெயும் நெய்யும் ஊற்றி வைக்கத் தொட்டிகள்கூடக் கட்டியிருக்கிறார்கள்.

1677இல் சிவாஜி செஞ்சியைப் பிடித்தார். கோட்டையைப் பலப்படுத்தினார். 1680இல் அவர் இறந்துவிட்டார். சில ஆண்டுகளில் டில்லி மொகலாயப் படை மராட்டிய நாட்டுக்குள் புகுந்தது. சிவாஜியின் மகன் ராஜாராம் 1689இல் தப்பித்துத் தெற்கே வந்தார். செஞ்சியில் புகலிடம் தேடினார். மொகலாயப் படை பின்தொடர்ந்து வந்தது. 1690 முதல் 1698 வரை, இடையிடையே விட்டுவிட்டு, ஏறத்தாழ 8 ஆண்டுகள் முற்றுகை நடந்தது. கடைசியில் கோட்டை விழுந்தது. ஆனால் அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார்.

அவ்வளவு காலம் கோட்டை தாக்குப்பிடித்தது எப்படி? மலை உயரமானது. சுவர் பலமானது. உள்ளே சுனையும் குளமும் இருந்தன. களஞ்சியங்களும் இருந்தன. நம் பக்கத்து நெல் ஒரு மராட்டிய அரசருக்குச் சோறு போட்டது.

பிழைப்புத் தேடித் தமிழ் மக்கள் மராட்டிய மண்ணுக்கு வந்தார்கள். தாராவியில் குடியேறினார்கள். அதற்கு வெகு காலம் முன்பே, உயிர் பிழைக்க ஒரு மராட்டிய அரசர் தமிழ் மண்ணுக்கு வந்திருக்கிறார். இது புதிய உறவு அல்ல.

2025 ஜூலையில் பாரிஸ் நகரில் யுனெஸ்கோவின் கூட்டம் நடந்தது. மராட்டியர் காலத்து 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அங்கே அறிவித்தார்கள். அவற்றில் 11 மகாராஷ்டிராவில் உள்ளன. லோகட்டும் பன்ஹாளாவும் அந்த 11இல் சேர்ந்தவை. பன்னிரண்டாவது செஞ்சி.

கல் கட்டடம் எப்படிச் சாகிறது?

கல் அழியாது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் கல் கட்டடம் அழியும். பீரங்கியால் மட்டும் அல்ல, கவனிக்காமல் விட்டாலும் அழியும்.

ஒரு காக்கை ஆலம்பழத்தைத் தின்கிறது. சுவர்மேல் வந்து எச்சம் இடுகிறது. அதிலுள்ள விதை கல் இடுக்கில் விழுகிறது. மழையில் முளைக்கிறது. முதல் ஆண்டு அது இரண்டு இலைதான். இரண்டு விரலால் பிடுங்கிவிடலாம். யாரும் பிடுங்கவில்லை. பத்து ஆண்டில் அது மரம். வேர் தடித்துக் கல்லை நெம்பித் தள்ளுகிறது. இடைவெளி உண்டாகிறது. அதில் மழைநீர் இறங்குகிறது. கல்லைப் பிணைக்கும் காரை கரைகிறது. ஒரு கல் விழுகிறது. ஒன்று விழுந்தால் அடுத்ததற்குப் பிடிமானம் இல்லை. பிறகு ஒரு மழை இரவில் சுவரே சரிந்துவிடுகிறது.

முதல் ஆண்டில் ஒருவர் பார்த்திருந்தால் போதும். வேலை ஒரு நிமிஷம்தான்.

பழைய கட்டடத்தைப் புதுப்பிப்பது எப்படி?

பழைய கல் களஞ்சியத்தைப் புதுப்பிக்கிறவர்கள் முதலில் சுத்தியலைத் தொடுவது இல்லை. முதலில் பார்க்கிறார்கள். படம் எடுக்கிறார்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்று குறிக்கிறார்கள். விழுந்த கல்லுக்கு எண் போட்டு அடுக்குகிறார்கள். அப்போதுதான் பழைய கல்லைப் பழைய இடத்திலேயே வைக்க முடியும்.

அடுத்தது தண்ணீர். மழைநீர் எங்கே தேங்குகிறது? வடிகால் அடைத்திருக்கிறதா? கூரையில் விரிசல் உண்டா? தண்ணீருக்கு வழி செய்யாமல் சுவரைப் பூசிப் பயன் இல்லை.

அடுத்தது செடி. சிறிய செடியை வேரோடு எடுக்கலாம். பெரிய மரத்தை இழுத்துப் பிடுங்கக் கூடாது. இழுத்தால் சுவரும் கூடவே வரும். மரத்தை அறுத்து, வேரைப் பட்டுப்போகச் செய்து, மெதுவாக எடுக்க வேண்டும்.

பிறகுதான் காரை. இங்கே பலர் தவறு செய்கிறார்கள். சிமெண்டை வாங்கி அப்பிவிடுகிறார்கள். பார்க்கப் பளபளப்பாக இருக்கும். ஆனால் பழைய சுவருக்கு அது ஆகாது. பழைய சுவருக்குள் எப்போதும் கொஞ்சம் ஈரம் இருக்கும். சுண்ணாம்புக் காரை அந்த ஈரத்தை மெதுவாக வெளியே விடும். சிமெண்ட் விடாது. ஈரம் உள்ளே அடைபடும். உப்புப் பூக்கும். பூச்சு உரியும். கல்லின் ஓரமும் உடையும். சிமெண்ட் கெட்ட பொருள் அல்ல. புதிய வீட்டுக்கு அது நல்லது. பழைய சுவருக்குப் பழைய பொருள் வேண்டும்.

சுண்ணாம்பின் கதை

சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் சுடுகிறார்கள். அதிலிருந்து கரிவாயு வெளியே போகிறது. கிடைப்பது சுட்ட சுண்ணாம்பு. அதைத் தண்ணீரில் போட்டால் கொதிக்கும். இதற்கு ‘நீற்றுவது’ என்று பெயர். இந்த வேலையில் மிகுந்த கவனம் வேண்டும். தெறித்தால் கண் போய்விடும். குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது. கண்ணில் பட்டால் உடனே நிறையத் தண்ணீரால் கழுவி, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நீற்றிய சுண்ணாம்பைப் பல நாள் ஊறவைக்கிறார்கள். பிறகு மணல் சேர்க்கிறார்கள். 1 பங்கு சுண்ணாம்புக்கு 2 பங்கு அல்லது 3 பங்கு மணல். செங்கல் தூளும் சேர்ப்பது உண்டு. தமிழ்நாட்டில் கடுக்காய் ஊறவைத்த நீரும் வெல்லமும் சேர்ப்பார்கள். எல்லாவற்றையும் நன்றாக அரைப்பார்கள். அந்தக் காலத்தில் வட்டமான பள்ளத்தில் கல் உருளை போட்டு, மாடு கட்டி அரைத்தார்கள். இன்று யந்திரம் அரைக்கிறது.

பூசிய பிறகு அவசரப்படக் கூடாது. ஈரச் சாக்கு போட்டு மூட வேண்டும். மெதுவாக உலர வேண்டும். அப்போது ஓர் அதிசயம் நடக்கிறது. சூளையில் வெளியே போனதே கரிவாயு, அதைச் சுண்ணாம்பு காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. மறுபடியும் கல்லாகிறது. இதற்கு மாதங்கள் ஆகும். சில சமயம் ஆண்டுகள் ஆகும்.

இந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று குறைந்துவிட்டார்கள். எஞ்சினியர் கணக்குப் போடலாம். ஆனால் காரை பதமாகிவிட்டதா என்று சொல்ல, கரண்டி பிடித்த கை வேண்டும். சிமெண்ட் வந்தபின் அந்தக் கையை யாரும் தேடவில்லை. இப்போது மறுபடி தேடுகிறார்கள். உங்கள் குடும்பத்தில் பழைய கொத்தனார் யாராவது இருக்கிறாரா? அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். எழுதாமல் விட்ட தொழில் அவரோடு போய்விடும்.

நாம் என்ன செய்யலாம்?

மகாராஷ்டிராவில் பல ஊர் இளைஞர்கள் விடுமுறை நாளில் கோட்டைக்குப் போகிறார்கள். அனுமதி பெற்று வேலை செய்கிறார்கள். தொட்டியில் தூர் எடுக்கிறார்கள். புதரை வெட்டுகிறார்கள். சரிந்து கிடக்கும் கல்லைத் தூக்கி வைக்கிறார்கள். கூலி கிடையாது. அனுமதி இல்லாமல் யாரும் தோண்டவோ பூசவோ கூடாது. நல்ல எண்ணத்தோடு செய்தாலும் கெடுதல் வந்துவிடும்.

எல்லோராலும் மலை ஏற முடியாது. ஏறுகிறவர்கள் சில விஷயங்களை நினைவில் வைக்க வேண்டும். தனியாகப் போகக் கூடாது. குடிக்கத் தண்ணீர் கொண்டுபோக வேண்டும். மழைக்காலத்தில் கல் வழுக்கும். பிடிப்புள்ள செருப்பு அல்லது ஷூ வேண்டும். இருட்டும் முன்பே இறங்க வேண்டும். கொண்டுபோன பிளாஸ்டிக் பையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. பல கோட்டைச் சுவர்களில் பெயர்களைக் கிறுக்கியிருக்கிறார்கள். ஆணியால் கீறி, பெயிண்டால் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எல்லோரும் படித்தவர்கள்தான். அரசு பாதுகாக்கும் சின்னங்களைச் சேதப்படுத்துவது குற்றம். 1958ஆம் ஆண்டுச் சட்டமும் பின்னர் வந்த திருத்தமும் அப்படிச் சொல்கின்றன. 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும்.

தன் பெயரைத் தானே எழுதும் சந்தோஷம் பெரியது. வயது வந்தபின் எழுதக் கற்றவருக்கு அந்தச் சந்தோஷம் நன்றாகத் தெரியும். அந்தப் பெயரை நோட்டில் எழுதுவோம். பாங்கில் எழுதுவோம். ஓட்டுச் சாவடியில் எழுதுவோம். கல்லில் வேண்டாம். அந்தக் கல்லைச் சுமந்து மலை ஏற்றியவர் தன் பெயரை அதில் எழுதவில்லை.

காலா கில்லா நீண்ட காலம் கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். பக்கத்தில் குழந்தை இருந்தால் அந்தப் பெயரின் பொருளைச் சொல்லுங்கள். அங்கே குப்பை போடுகிறவரிடம் வேண்டாம் என்று சொல்லுங்கள். இத்தனை காலம் நின்ற கட்டடம் அது. இன்னும் நிற்க, ஒருவர் பார்த்துக்கொண்டால் போதும்.

புதிய சொற்கள்

களஞ்சியம் – தானியம் சேர்த்து வைக்கும் கட்டடம்
முற்றுகை – எதிரி கோட்டையைச் சூழ்ந்து நிற்பது
காரை – கல்லையும் செங்கல்லையும் பிணைக்கும் கலவை
நீற்றுதல் – சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைப்பது

பேசிப் பாருங்கள்

1. உங்கள் சொந்த ஊரில் தானியத்தை எதில் சேர்த்து வைத்தார்கள்?
2. பழைய சுவரில் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும்?
3. உங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் எங்கிருந்து வருகிறது? பார்த்துச் சொல்லுங்கள்.
4. நீங்கள் வசிக்கும் இடத்தில் பழைய கட்டடம் ஏதாவது இருக்கிறதா? அதன் பெயர் என்ன? அந்தப் பெயரை எழுதிப் பாருங்கள்.